காயலான் கடை இரும்பில் முதல் கத்தி: பட்டையா, அரமா?

காயலான் கடையில் எடைக்கு வாங்கிய லாரிப் பட்டை, அதாவது லாரியின் பாரம் தாங்கும் ஸ்பிரிங் தகடு ஒன்று, பெரிய பேரிங்கின் வெளிவளையம் ஒன்று, தேய்ந்துபோன அரங்கள் இரண்டு, வீடு கட்டியபோது மிஞ்சிய டிஎம்டி கம்பித் துண்டுகள் சில ஆகியவை உங்களிடம் இருக்கின்றன. இவற்றில் எதைக் கொண்டு முதல் சமையலறைக் கத்தியைச் செய்வது, உலை மூட்டாமல் கிரைண்டரில் தேய்த்தே முடித்துவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த இரும்பு நல்லது என்ற கேள்வியாக இது தோன்றினாலும், உண்மையில் நீங்கள் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். எங்கே உழைத்தது, எத்தனை ஆண்டு உழைத்தது, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத ஒரு துண்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே உங்கள் ஐயம். கியர், ஷாஃப்ட் போன்றவற்றை வெப்பப் பதப்படுத்தித் தரும் கூடம் ஒன்றில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அங்கே சான்றிதழோடு வரும் எஃகு மட்டுமே உலைக்குள் போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கொல்லர் பட்டறையில் உட்காரத் தொடங்கிய பிறகுதான், சான்றிதழ் இல்லாத எஃகோடு பழகும் முறை ஒன்று தனியாக இருக்கிறது என்பது புரிந்தது. இரண்டு இடத்திலும் கற்றதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது: டிஎம்டி கம்பியை விட்டுவிடுங்கள். கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, கடினமாக வேண்டுமானால் எஃகில் போதுமான கரி, அதாவது கார்பன், இருக்க வேண்டும்; நல்ல கத்திக்கு ஏறக்குறைய 0.5 சதவீதமாவது தேவை. கட்டுமானக் கம்பிக்கான ஐஎஸ் 1786 தரநிர்ணயம் எஃப்இ 500 வகைக்கு அதிகபட்சம் 0.30 சதவீதம்தான் அனுமதிக்கிறது, ஏனென்றால் கம்பி வளைய வேண்டும், பற்றவைக்கவும் வர வேண்டும். வெட்டும்போது அதன் மேற்பரப்பு கடினமாகத் தெரிவதைப் பார்த்துச் சிலர் ஏமாந்துபோகிறார்கள். ஆலையில் சூடாக உருண்டு வரும் கம்பியின் மேல் தண்ணீர் பாய்ச்சுவதால் ஏற்பட்ட தோல் அது. கத்திக்காகத் தேய்க்கும்போது முதலில் போய்விடுவதும் அதே தோல்தான். ஆங்கிள், பிளேட், கேட் கம்பி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சாணை பிடித்தால் கூர்மை வந்துவிடும், ஆனால் நான்கு வெங்காயம் நறுக்குவதற்குள் வாய் மடங்கிவிடும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு, அதாவது உலையே இல்லாமல் முடியுமா என்பதற்கு, அந்தக் குவியலில் ஒரே ஒரு பொருள்தான் ‘முடியும்’ என்று பதில் சொல்கிறது. பெரும்பாலானோர் பட்டையைத்தான் நினைப்பார்கள், ஆனால் அது அரம். பட்டை ஏற்கெனவே பதப்படுத்தப்பட்ட ஸ்பிரிங் எஃகு என்பது சரிதான், ஆனால் அந்தப் பதம் வளைந்து வளைந்து மீள்வதற்காக வைத்தது. கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் அது 40 முதல் 48 வரை இருக்கும். சமையலறைக் கத்திக்கு 56க்கு மேல் வேண்டும். அப்படியே தேய்த்துச் செய்த பட்டைக் கத்தி, அரிவாளைப் போல ஓங்கி வெட்டும் வேலைக்குத் தாங்கும், மெல்லிய வாயோடு காய் நறுக்கும் வேலைக்குத் தாங்காது. அரத்தின் நிலைமை நேர் எதிரானது. நல்ல அரத்தில் 1 சதவீதத்துக்கு மேல் கார்பன் இருக்கும். ஆலையிலேயே 62க்கும் மேலான கடினத்தில் விட்டிருப்பார்கள். கத்திக்கு அது அதிகம், கீழே விழுந்தால் கண்ணாடிபோல ஒடியும். ஆகவே கடினத்தை ஏற்ற வேண்டிய தேவையே அங்கே இல்லை, கொஞ்சம் இறக்கினால் போதும். வீட்டு ஓவனில் 200 முதல் 220 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, மறுபடியும் அதே அளவு வைத்தால் இந்த இறக்கம் கிடைத்துவிடும். ஓவனின் திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல் உள்ளே தனியாக ஒரு வெப்பமானி வைத்துப் பாருங்கள். 30 டிகிரி வித்தியாசம் சாதாரணமாக வரும்.

இதற்குப் பிறகு அரத்தைக் கத்தியாகத் தேய்க்கும் வேலைதான் பொறுமையைச் சோதிப்பது. கிரைண்டர் வட்டு பட்ட இடம் நீலம் பாய்ந்தால் அங்கே பதம் போய்விட்டது என்று பொருள், மறுபடியும் உலைக்குப் போகாமல் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆகவே பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, கையுறை இல்லாமல் வெறுங்கையால் பிடித்து, விரலுக்குச் சூடு தெரிந்த உடனே தண்ணீரில் முக்கி முக்கித் தேய்க்க வேண்டும். வாய்ப்பக்கம் மெலிந்த பிறகு கிரைண்டரை வைத்துவிட்டு உப்புத்தாளுக்கும் சாணைக்கல்லுக்கும் மாறிவிடுவது நல்லது. அரத்தின் பழைய பல்வரிசையை அழகுக்காக விட்டுவைப்பவர்கள் உண்டு. பிடியருகே விட்டால் தீங்கில்லை. வாய்ப்பக்கம் விட்டால் ஒவ்வொரு பல்லின் அடியும் விரிசல் தொடங்கும் இடமாகும். அரத்தில் ஐயம் ஒன்று மட்டும் உண்டு. மலிவான அரங்கள் சில, உள்ளே மெத்தென்ற இரும்பாகவும் மேல்தோல் மட்டும் கரி ஏற்றிக் கடினமாக்கப்பட்டதாகவும் இருக்கும். நுனியில் ஓர் அங்குலத்தை ஈரத்துணி சுற்றி வைஸில் பிடித்து, கண்ணாடி அணிந்து, சுத்தியலால் ஒடித்துப் பாருங்கள். ஒடிந்த முகம் ஓரத்திலிருந்து நடுவரை ஒரே மாதிரியான மெல்லிய சாம்பல் நிறமாக இருந்தால் முழுக்க நல்ல எஃகு. ஓரத்தில் ஒரு வளையமும் நடுவில் வேறு தோற்றமும் தெரிந்தாலோ, ஒடியாமல் வளைந்தாலோ, அதை அரமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பட்டை. லாரிப் பட்டையில் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை கார்பன் இருக்கும் என்பது ஏறக்குறைய உறுதி. அது எந்த வகை என்பதுதான் ஐயத்துக்குரியது. நம் நாட்டு வண்டிகளில் சிலிக்கானும் மாங்கனீசும் கலந்த ஈஎன் 45, குரோமியமும் வனேடியமும் கலந்த ஈஎன் 47, குரோமியம் கலந்த எஸ்யுபி 9 எனப் பல வகைகள் புழக்கத்தில் இருக்கின்றன. அமெரிக்கக் காணொளிகளில் எல்லாப் பட்டையையும் 5160 என்ற அவர்கள் நாட்டு வகை என்றே சொல்வார்கள், அதை அப்படியே நம் பட்டைக்குப் பொருத்திப் பார்க்க முடியாது. தீப்பொறியைப் பார்த்தும் இதைக் கண்டுபிடிக்க இயலாது. தீப்பொறி காட்டுவது கார்பன் அளவைத்தான், அதையும் தோராயமாகத்தான். இருந்தாலும் உங்களிடம் அந்தச் சோதனைக்கு ஒரு நல்ல வசதி தற்செயலாக அமைந்திருக்கிறது: டிஎம்டி கம்பி குறைந்த கார்பனுக்கு எல்லை, அரம் கூடிய கார்பனுக்கு எல்லை. நிழலான இடத்தில் மூன்றையும் அதே வட்டில், அதே அழுத்தத்தில் தொட்டுப் பாருங்கள். கம்பியின் பொறிகள் நீளமாக நேராகப் பாய்ந்து மறையும். அரத்தின் பொறிகள் கம்பி மத்தாப்பைப் போல வட்டின் அருகிலேயே பூப்பூவாக வெடிக்கும். பட்டை இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். நடுவில் நிற்காத பட்டையை ஒதுக்கிவிடலாம்.

வகையைவிட எனக்கு அதிகக் கவலை தருவது பட்டையின் கடந்த காலம். லட்சக்கணக்கான முறை வளைந்து நிமிர்ந்த ஒரு துண்டில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் இருக்கலாம், அதிலும் நடுபோல்ட் துளையைச் சுற்றியும் கிளாம்ப் பிடித்த இடங்களிலும் கூடுதலாக இருக்கும். ஆரம்ப நாளில் நான் இதை அலட்சியம் செய்து ஒரு கத்தியை இழந்தேன். மூன்று ஞாயிறு உழைத்து வடிவம் கொடுத்த கத்தி, எண்ணெய்க்குள் இறங்கிய மறுகணம் ‘டிக்’ என்று ஓர் ஒலி கேட்டது. வெளியே எடுத்துப் பார்த்தால் முதுகிலிருந்து பாதி அகலம்வரை ஒரு கோடு. குறையை என் துவைச்சலில், அதாவது சூடான எஃகை எண்ணெயில் இறக்கிக் கடினமாக்கும் வேலையில், தேடினேன். பிறகு அந்த இடத்திலேயே ஒடித்துப் பார்த்தபோது, விரிசல் முகத்தில் முதுகையொட்டிய விரல்கடை அளவு கருப்பேறியும் எஞ்சிய பகுதி புதிதாக வெள்ளி போலவும் இருந்தது. கருப்பேறிய பகுதி எண்ணெயில் இறங்குவதற்கு முன்பே, உலையில் இருந்தபோதே, திறந்திருந்த பழைய விரிசல். லாரியில் இருந்தபோது விழுந்தது அது. எண்ணெய் அதை நீட்டிக் காட்டியது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எந்தப் பட்டையையும் ஒரு சோதனை செய்யாமல் அறுப்பதில்லை. கம்பி பிரஷ்ஷால் துருவை நீக்கி, மண்ணெண்ணெயைத் தாராளமாகத் தடவி அரை மணி நேரம் ஊறவிடுவேன். பிறகு துணியால் ஒட்டத் துடைத்து, சாக்பீஸ் தூளை மெல்லியதாகத் தேய்த்துவிட்டுக் காத்திருப்பேன். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைத் தூளின்மேல் பென்சில் கோடு போல ஈரமாகத் தெரியும். உலோகத்துக்குள் புதைந்திருக்கும் குறையை இது காட்டாது, மேற்பரப்பில் வாய் திறந்தவற்றை மட்டுமே காட்டும். ஆயினும் பட்டையில் உழைப்பால் வரும் விரிசல் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் தொடங்குகிறது என்பதால், செலவில்லாத இந்தச் சோதனைக்கு மதிப்பு அதிகம். இதில் தேறினாலும் துளையைச் சுற்றி நான்கு விரற்கடையை வெட்டி எறிந்துவிடுங்கள்.

பட்டையில் இன்னொரு நடைமுறைச் சிக்கல் கனம். லாரிப் பட்டை பெரும்பாலும் 10 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும், சமையலறைக் கத்தியின் முதுகோ 2 அல்லது 3 மில்லிமீட்டர்தான். வேண்டாததைக் கிரைண்டரில் தேய்த்தே குறைப்பதென்றால் எஃகில் முக்கால் பங்கு தூளாகப் போகும், உங்கள் மூச்சுக்கும் நல்லதில்லை. பக்கத்து ஊர்க் கொல்லர் பட்டறைக்கு எடுத்துப் போய், 4 மில்லிமீட்டர் கனத்துக்கு அடித்து நீட்டித் தரச் சொல்லுங்கள். கரி உலையும் துருத்தியும் உள்ள பட்டறையில் அது அரைநாள் வேலைதான். திருப்பாச்சி அரிவாள் முதல் நம் ஊர் வெட்டரிவாள் வரை லாரிப் பட்டையில்தான் இன்று அடிக்கிறார்கள், ஆகவே அவருக்கு இது பழகிய எஃகு. கேட்கும்போது ‘வெள்ளைச் சூட்டுக்குப் போகாமல், ஆரஞ்சு நிறத்திலேயே அடித்துத் தாருங்கள் ஐயா’ என்று பணிவாக ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அவர்கள் அரிவாளுக்கு வாயை மட்டும் தண்ணீரில் நனைத்துப் பதம் ஏற்றுவதைப் பார்ப்பீர்கள். அந்தக் கனமான உடலுக்கும் அந்தக் கையின் பழக்கத்துக்கும் அது பொருந்துகிறது. மெல்லிய கத்தியை நீங்கள் முழுவதுமாகத் தண்ணீரில் இறக்கினால் பெரும்பாலும் வெடிக்கும், எண்ணெய்தான் உங்களுக்கு உகந்தது.

இங்கே நான் முக்கியமாகச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். பெயர் தெரியாத எஃகில் தரத்தைவிட ‘ஒரே துண்டாக நிறைய’ என்பதே பெரிய சொத்து. பத்துக் கடையில் பத்து விதமான நல்ல இரும்பைச் சேர்ப்பவருக்கு ஒவ்வொரு கத்தியும் முதல் கத்திதான். ஒரே நீளப் பட்டையை வைத்திருப்பவர், முதல் துண்டில் தெரிந்துகொண்டதை அதன் கடைசித் துண்டுவரை பயன்படுத்தலாம். ஆகவே கொல்லர் நீட்டித் தந்த பட்டையிலிருந்து கத்தி செய்வதற்கு முன், 2 சென்டிமீட்டர் அகலமும் 8 சென்டிமீட்டர் நீளமும் உள்ள மூன்று துண்டுகளைச் சோதனைக்காக அறுத்துக்கொள்ளுங்கள். இவற்றைப் பலி கொடுக்கத் தயங்கக் கூடாது.

சோதனையை மாலை மங்கும் நேரத்தில் அல்லது கூரைக்கடியில் செய்யுங்கள். வெயிலில் சூட்டின் நிறம் பொய் சொல்லும். எஃகு ஏறக்குறைய 770 டிகிரியில் காந்தத்தை விட்டுவிடும். முதல் துண்டைக் காந்தம் ஒட்டாமல் போன அந்த நொடியிலேயே எண்ணெயில் இறக்குங்கள். இரண்டாவதை அதைத் தாண்டி இன்னும் ஒரு சாயல் நிறம் வெளுக்கும்வரை, 830 அல்லது 850 டிகிரி அளவுக்கு, சமமாகச் சூடேற்றி இறக்குங்கள். மூன்றாவதை வேண்டுமென்றே பளிச்சென்ற மஞ்சள் கலந்த ஆரஞ்சுக்குக் கொண்டுபோய் இறக்குங்கள். எண்ணெய் கடலை எண்ணெயே போதும், 50 அல்லது 60 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கிய 4 லிட்டர், மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில். தீப்பிடித்தால் மூடியைப் போட்டு மூடுவதுதான் வழி, தண்ணீரைக் கிட்டே கொண்டுவராதீர்கள்.

ஆறியதும் அரத்தை ஓட்டிப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று இழுப்பில் அரம் கடித்தால் உடனே மனம் தளர வேண்டாம், சூட்டில் மேல்தோல் கார்பனை இழந்திருக்கும். தோல் போன பிறகும் அரம் கடித்தால் கடினம் ஏறவில்லை. கண்ணாடிமேல் போல வழுக்கிக்கொண்டு போனால் ஏறிவிட்டது. பிறகு மூன்றையும் ஈரத்துணி சுற்றி வைஸில் வைத்து ஒடித்து, ஒடிந்த முகங்களை வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சூடு மிஞ்சிய துண்டின் முகம் கல்லுப்பைப் போலக் கரடுமுரடாக மின்னும். சரியான துண்டு, அரைத்த மாவைப் போல மின்னாத சாம்பல் நிறத்தில் நைசாக இருக்கும். சூடு பற்றாதது ஒடிய மறுத்து வளையப் பார்க்கும். எந்தப் புத்தகத்து எண்ணைவிடவும் உங்கள் உலைக்கும் உங்கள் பட்டைக்கும் பொருந்தும் விடை அந்த மூன்று முகங்களில்தான் இருக்கிறது. ஈஎன் 45 ஆக இருந்தால் நடுத்துண்டைவிடக் கொஞ்சம் கூடுதல் சூடு கேட்கலாம். அப்படியானால் இன்னொரு துண்டைப் பலி கொடுங்கள்.

கத்தி வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடித்து நீட்டிய துண்டைச் சிவக்கச் சூடாக்கி, உமிச் சாம்பல் நிறைந்த தகர டப்பாவில் புதைத்து இரவு முழுதும் விட்டால், காலையில் அறுக்கவும் துளையிடவும் இணங்கும். வடிவம் கொடுக்கும்போது வாயை 1.5 மில்லிமீட்டருக்குக் கீழே மெலியவிடாதீர்கள், மெலிந்த வாய் எண்ணெயில் நெளியும். துவைச்சலுக்கு முன் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் கொஞ்சம் குறைந்த சூட்டுக்கு ஏற்றிக் காற்றில் ஆறவிட்டால், அடித்தபோது எஃகுக்குள் பெருத்த மணிகள், அதாவது ஒடிந்த முகத்தில் தெரியும் படிகங்கள், நைசாகும். துவைத்த கத்தி கைக்குச் சூடு தாங்கும் நிலைக்கு வந்ததும், அன்றைக்கே, ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரமாக இரண்டு முறை. ஓவன் சூட்டில் மினுக்கிய எஃகின்மேல் வரும் வைக்கோல் நிறத்தை மட்டும் வைத்துப் பதம் வந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். நிறம் சூட்டை மட்டுமல்ல, நேரத்தையும் பொறுத்தது.

பேரிங் வளையத்தை இப்போதைக்கு எடுத்து வையுங்கள். பெரும்பாலான பேரிங் ஈஎன் 31 வகை, 1 சதவீதம் கார்பனும் ஒன்றரை சதவீதம் குரோமியமும் கொண்ட அருமையான கத்தி எஃகு. ஆனால் குரோமியத்தைப் பிடித்துவைத்திருக்கும் கார்பைடுகள், அதாவது கார்பனோடு சேர்ந்த கடினமான துகள்கள், கரைவதற்குச் சரியான சூட்டில் சில நிமிடங்கள் அசையாமல் நிற்க வேண்டும், கரி உலையில் அது தொடக்கக் கைக்கு வராது. பெரிய வளையங்கள் சில உள்ளே கார்பன் குறைந்து தோலில் மட்டும் ஏற்றியவையாகவும் இருக்கும். எதுவானாலும் குளிர்ந்த நிலையில் அதைச் சுத்தியலால் அடிக்காதீர்கள், தெறிக்கும் சில்லு கண்ணுக்குக் குறி வைத்தது போலப் போகும். பவர் ஹாக்ஸா பிளேடு கிடைத்தால் அது வேறு ரகம். முழுதும் ஹைஸ்பீடு எஃகானால் தேய்த்தே கத்தியாக்கலாம், நீலம் பாய்ந்தாலும் பதம் போகாது. பல் மட்டும் ஹைஸ்பீடாகவும் உடல் ஸ்பிரிங் எஃகாகவும் ஒட்டிய வகையானால் அந்தச் சலுகை கிடையாது.

உலைக்கு எது போகக்கூடாது என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. துத்தநாகம் பூசிய ஜிஐ பைப், போல்ட் எதுவும் வேண்டாம். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும், அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். குரோம் முலாம் பூசிய ராடு, ஸ்பேனர் வேண்டாம். ஷாக் அப்சார்பரை அறுக்கவே கூடாது, உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கும். பழைய என்ஜின் ஆயிலில் துவைப்பதை நம் ஊரில் பலர் செய்கிறார்கள், அந்தப் புகையில் உலோகத் தூளும் நச்சும் இருக்கிறது. சமையலறையில் வைக்கப்போகும் கத்திக்கு அது தேவையில்லை.

சட்டத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. தண்டவாளக் கிளிப்பு நல்ல சிலிக்கான் மாங்கனீசு ஸ்பிரிங் எஃகுதான், காயலான் கடையில் கண்ணில் படவும் செய்யும். ஆனால் 1966ஆம் ஆண்டு ரயில்வே சொத்துச் சட்டப்படி, திருட்டு என்று சந்தேகிக்கத்தக்க ரயில்வேப் பொருள் கையில் இருந்தால், முறையாக வந்தது என்று காட்டும் பொறுப்பு வைத்திருப்பவர் மேல் விழும். ஏலத்தில் எடுத்த ரசீது இல்லாமல் தொடாதீர்கள். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன; வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் வடிவமைத்தவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. முதல் கத்தியை 6 அங்குலக் காய்கறிக் கத்தியாகச் செய்தால் இந்தக் கணக்கே எழாது.

ஆகவே என் யோசனை இது. அரத்தின் நுனியை ஒடித்துப் பார்த்து, தேறினால் இந்த வாரமே அதை ஓவனில் வைத்துச் சிறிய கத்தி ஒன்றைத் தேய்த்துவிடுங்கள். தேய்க்கும் கை அதில் பழகட்டும். பட்டையை மண்ணெண்ணெய் தடவிப் பார்த்துவிட்டுக் கொல்லரிடம் கொடுங்கள். அவர் நீட்டித் தந்ததும் மீதமுள்ள முழுப் பட்டையிலும் வெள்ளைப் பெயின்டால் ஓர் எண்ணை எழுதுங்கள், அதே எண்ணை ஒரு நோட்டின் தலைப்பில் எழுதி, எந்த நிறத்தில் இறக்கிய துண்டு எப்படி ஒடிந்தது என்பதை அதன் கீழே குறித்துவையுங்கள். ஒடித்த துண்டுகளையும் எறியாமல் அந்த நோட்டோடு ஒரு பையில் போட்டு வையுங்கள், அடுத்த கத்திக்கு முன் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.